ஸ்ரீ முத்தாரம்மன் டிராவல்ஸ்

"கெணத்துக்குள்ள விழுந்த ஆளு கூப்பாடு போடுத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கௌசல்யா ஹெட்போனைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்தாள்.

தன் குரலைப் பதிவு செய்து கேட்கக் கொடுத்த பகவதிப்பெருமாள் வேறு மாதிரி வாக்கியத்தை எதிர்பார்த்திருந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் போல இருக்கிறது என்று அவளாகவே சொல்லுவாள், தான் கொஞ்சம் கூச்சப்படலாம் என்று நினைத்திருந்தார். கூச்சப்படுவதற்கு முகத்தைத் தயார் செய்துகூட வைத்திருந்தார்.

"மைக்குல கொழப்பம் ஒண்ணும் இல்ல. ரூமுலதான். சத்தம் செவுத்துல அடிச்சுத் திரும்பி வருது. அத நான் ரெடியாக்கிருவேன்."

"நீங்க ஒண்ண ரெடியாக்கினா வீட்டுல ஒண்ணு காணாமப் போவுது. மொதல்ல அடுக்களை ஸ்டூல். பொறவு கொசுவலைக் கம்பு. இப்ப என்னது போவப் போவுது?"

அடுக்களை ஸ்டூலின் மேல் விளையாட்டுக்கான ஸ்டியரிங் வீல் முடுக்கப்பட்டிருந்தது. கொசுவலைக் கம்பின் நுனியில் காமிரா தொங்கியது. எதிர்ச் சுவரில் பெரிய டி.வி. பக்கத்தில் விளையாட்டு ஓடும் கம்ப்யூட்டர், அதை ஒளிபரப்ப ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவில் படத்தை இதிலிருந்து அதற்குக் கடத்தும் கேப்சர் கார்டு என்கிற சின்னப் பெட்டி. எல்லாவற்றையும் சுற்றி வயர்கள். அறைக்குள் நடந்து போக ஒரே ஒரு பாதை இருந்தது. அது பகவதிப்பெருமாளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சாலைக் கம்போளம் என்கிற கடைவீதியில் ஓர் அரிசி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கரமனையில் வீடு. தினமும் சிட்டி பஸ்ஸில் போய் வருவார். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "இப்ப கியர மாத்தலாமே", "இந்த வளவுல இன்னும் கொஞ்சம் வலது வாங்கியிருக்கணும்" என்று இறங்குகிற வரைக்கும் ஆலோசனை சொல்லுவார். அந்த வழியில் ஓட்டுகிற டிரைவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரே டிரைவர். யாரோ ஒரு மலையாளிப் பையன் பொன்முடி மலைப்பாதையை, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளோடு, தேயிலைத் தோட்டத்தோடு, சாலையோர டீக்கடையோடு, அச்சு அசலாக ஒரு பஸ் விளையாட்டுக்குள் கொண்டுவந்திருந்தான். அதில் பகவதிப்பெருமாள் ஏறி இறங்காத நாள் கிடையாது. பஸ்ஸின் நெற்றியில் 'ஸ்ரீ முத்தாரம்மன்' என்று பெயர் போட்டு, முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சாமந்தி மாலையையும் வரைந்து மாட்டியிருந்தார். அவர்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். தெரு நடுவில் இருக்கிற கோவிலின் அம்மன் அவள். மாவு மில்லும் அவள் பெயரில், தையல் கடையும் அவள் பெயரில், வாடகைப் பந்தல்காரரும் அவள் பெயரில். வேறு பெயர் வைத்துத் தொழில் தொடங்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

ஆகவே அவர் யூடியூப் சேனலின் பெயர் 'ஸ்ரீ முத்தாரம்மன் டிராவல்ஸ்'. சப்ஸ்கிரைபர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அவருடையது.

"கேட்டேளா" என்றாள் கௌசல்யா, வாசலில் நின்றபடி. உள்ளே வரும் பாதை அவளுக்குத் தெரியாது. "நான் பத்தாங்கிளாஸ் பிள்ளேளுக்கு கணக்கு டியூஷன் எடுக்கதுக்கு இடமில்லாம, ஆளுக்கொரு படியில உக்கார வச்சு எடுக்கேன். இந்த ரூம் எனக்கு வேணும். கோவில் கொடைத் திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் இந்தச் சாமானால ஒரு மனுசனுக்காவது பிரயோஜனம் உண்டுன்னு காட்டிட்டா நான் வாயத் தொறக்கல்ல. இல்லேன்னா எல்லாத்தையும் வித்துப்போடணும்."

"காட்டிருதேன்."

"யாருக்குப் பிரயோஜனம்?"

"அத கொடைக்குள்ள கண்டுபிடிச்சுருவேன்" என்றார் பகவதிப்பெருமாள். அவருக்குத் தன் மேல் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை.

முதலில் எதிரொலியை ஒழித்தாக வேண்டும். கடையில் கழித்துப் போட்ட அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து நான்கு சுவர்களிலும் ஆணியடித்து மாட்டினார். எதிரொலி சுத்தமாக நின்றது. ஆனால் சாக்குக்குள்ளிருந்து வண்டுகள் கிளம்பி, அடுக்களைப் பருப்பு டப்பா வரைக்கும் ஊர்வலம் போயின.

வண்டை விரட்ட வேப்பிலைப் புகை போட்டார். புகை போக ஃபேனைப் போட்டார். ஃபேன் சத்தத்தை மைக் பிடித்தது. ஃபேனை நிறுத்தினார். சித்திரை மாதத்து வெக்கையில், ஜன்னலிலும் சாக்கு தொங்குகிற அறையில், பத்து நிமிடத்தில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்தது.

"அழுதேளா?" என்றாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்த கௌசல்யா.

"வேர்வை."

"சரி, தொடச்சுக்கிடுங்க. ஸ்டியரிங் வழுக்கிரும்."

சாக்கு சத்தத்தை மட்டுமல்ல, வெளிச்சத்தையும் குடித்துவிட்டது என்பதை அவர் பிறகுதான் கவனித்தார். காமிராவில் அவருடைய பல்லும் பனியனும் மட்டும் தெரிந்தன. உடனே முகத்துக்கு நேராக வைக்கும் வட்ட விளக்கு ஒன்றை வாங்கினார். முகம் தெரிந்தது. ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்து, கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளை வளையங்கள் சுடர்விட்டன. பார்க்கவே பயமாக இருந்தது.

இதற்கும் வழி கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"தூரத்துல உள்ள டி.வி. எனக்கு நல்லாத் தெரியும். கிட்ட உள்ள எழுத்துதான் தெரியாது. பஸ் ஓட்டுகவனுக்கு தூரந்தானே வேணும்?" என்று மனைவியிடம் விளக்கினார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

கொடைக்கு இரண்டு நாள் முன்னால் அம்மனே வழி காட்டினாள். கோவில் டிரஸ்ட் செயலாளர் லிங்கராஜ் வீடு தேடி வந்தார். சாலைக் கம்போளத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற பெரிய மனிதர். எந்த ஊர்வலமானாலும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல், முதல் வரிசையில் நடுவாக நடப்பவர்.

"வே பகவதி, வருஷா வருஷம் அம்மன் ஊர்வலத்த லைவ் போடுத ஸ்டூடியோக்காரன் இந்த மட்டம் ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டான். ஷார்ஜா, மஸ்கட், பெங்களூர்னு நம்ம ஆளுக அத்தனை பேரும் கோவில் சேனலத் தொறந்து வச்சுக் காத்துட்டு இருப்பா. ஒம்ம கிட்ட ஏதோ மெஷின் எல்லாம் இருக்கதாட்டு கேட்டேன். உம்மால முடியுமா?"

பகவதிப்பெருமாள் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வருஷத்துப் பதில் இருந்தது.

"முடியுமான்னு கேக்காதீங்க அண்ணாச்சி. எப்ப தொடங்கணும்னு சொல்லுங்க."

"பாழாப் போச்சுன்னா எனக்குத்தான் பேச்சு."

"பாழாவாது. நான் ஏத்துக்கிட்டேன்லா?"

திட்டம் எளிமையானதுதான். தன் செல்போனை அம்மனின் சப்பரத்து முன்காலில் கட்டிவிடுவார். அது அழைப்பு எதையும் ஏற்காமல் ஊர்வலத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் லேப்டாப்பில் அதை வாங்கிக் கோவில் சேனலுக்கு விட வேண்டும். அவ்வளவுதான். ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு ஆகாத விஷயம். அதே நேரத்தில் தன் சேனலில் பொன்முடி அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் முதல் முழு டிரிப்பை லைவாக ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரே ஆள், ஒரே அறை, இரண்டு லைவ். தனக்கு முன்னால் கரமனையில் யாரும் இதைச் செய்ததில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கொடையன்று சாயங்காலம் தெருவில் மேளம் தொடங்கியது. கௌசல்யா பட்டுப்புடவை கட்டி ஊர்வலத்துக்குப் போய்விட்டாள். சப்பரத்தில் செல்போனைக் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்த பகவதிப்பெருமாள், ஃபேனை நிறுத்தினார், விளக்கைப் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார், லேப்டாப் முன் குனிந்தார்.

எந்தப் படம் எந்தச் சேனலுக்கு என்று லேப்டாப் கேட்டது. கீழே இரண்டு சேனல்களின் பெயர்கள். கட்டத்தில் இடம் போதாமல் பெயரின் தலை மட்டும் தெரிந்தது. ஒன்று 'ஸ்ரீ முத்தாரம்'. இன்னொன்றும் 'ஸ்ரீ முத்தாரம்'. ஒன்று டிராவல்ஸ், ஒன்று திருக்கோவில். கண்ணாடி போட்டு, பெயரின் மேல் அழுத்திப் பார்த்திருந்தால் முழுதாகக் காட்டியிருக்கும். மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மேலே இருப்பதுதான் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"வணக்கம். ஸ்ரீ முத்தாரம்மனை வேண்டிக்கிட்டு, பொன்முடிக்கு நாம இப்ப பொறப்படுதோம். டிரைவர் சீட்டுல நான் பகவதிப்பெருமாள். எல்லாரும் நல்லாப் பிடிச்சு உக்காருங்க."

பஸ் கிளம்பியது. லேப்டாப்பின் மூலையில் பார்ப்பவர் எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி இருக்கும். வழக்கமாக அங்கே மூன்று என்று இருக்கும். முதல் வளைவிலேயே அது நூறைத் தாண்டியது.

பகவதிப்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே கமெண்டுகள் குவிந்தன. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வரிசை வரிசையாக மஞ்சள் கைகள் தெரிந்தன.

கைதட்டுகிறார்கள்!

ஒரு வருஷமாக இந்த அறையில் தனியாக உட்கார்ந்து ஓட்டியது வீண்போகவில்லை. ஊருக்கு நல்ல ஓட்டுநரை அடையாளம் தெரிய நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

"பதட்டப்படாண்டாம்" என்றார் மைக்கில், கனிவாக. "வளவு வரும். வளவுக்குப் பயந்தா மலை ஏற முடியாது. செகண்ட் கியர். ஹார்ன் ஒரு தடவ. இடதுபக்கம் பள்ளம், அத நீங்க பாக்காதீங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எண்ணிக்கை முன்னூறு ஆனது. மஞ்சள் கைகள் மழையாகக் கொட்டின. பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிய பாதையில், மாலை ஆட, ஸ்ரீ முத்தாரம்மன் வளைவு வளைவாக ஏறினாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தார். ஒரு மாட்டுக்காக நின்றார். வழியில் நின்ற ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டார். ஒரு இடத்திலும் உரசல் இல்லை, குலுக்கல் இல்லை. உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டபோது வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன.

"வந்துட்டோம். எல்லாரையும் பத்திரமாக் கொண்டு வந்து சேத்துட்டேன். அம்மா கூடவே இருந்தா. வணக்கம்."

இரண்டு லைவையும் நிறுத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, ரசிகர்கள் எழுதியதை நிதானமாகப் படித்துச் சந்தோஷப்படலாம் என்று கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

முதல் கமெண்ட்: 'அம்மா தாயே, முத்தாரம்மா, காப்பாத்து.' அடுத்தது: 'இந்த வருஷம் அம்மன் பஸ்லயா எழுந்தருளுகா?' அதற்கடுத்தது: 'ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோட சேவிக்கிறோம்.' அவை கைதட்டும் கைகள் இல்லை. கும்பிடும் கைகள்.

பகவதிப்பெருமாள் மெதுவாக மேலே பார்த்தார். 'ஸ்ரீ முத்தாரம்மன் திருக்கோவில்' என்று முழுப் பெயரும் பளிச்சென்று இருந்தது.

தன் சேனலைத் திறந்தார். மேளதாளம், தீவட்டி, பூ அலங்காரம், சப்பரத்துக்கு முன்னால் லிங்கராஜ். ஊர்வலம் முழுவதும் அங்கே போயிருந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர். நெய்யாற்றின்கரையிலிருந்து விடாமல் வருகிற ரசிகன் ஒருவன் எழுதியிருந்தான்: 'சேட்டா, புது கேம் கிடிலன்! கிராஃபிக்ஸ் நெசம் போல இருக்கு. முன்னால வாற வெள்ளை வேட்டி வில்லன எந்த லெவல்ல கொல்லணும்?'

பகவதிப்பெருமாள் எழுந்து, யாரும் சொல்லாமலே ஒவ்வொரு வயராகச் சுருட்டத் தொடங்கினார். அறை போனது போகட்டும். நாளைக்குத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் கௌசல்யா வந்தாள். பின்னாலேயே லிங்கராஜ், நெற்றி நிறையத் திருநீறும் கையில் சூடான செல்போனுமாக.

"வே பகவதி, வெளிய வாரும்."

சுருட்டிய வயரோடு வெளியே வந்தார். "அண்ணாச்சி, தப்பு முழுக்க என் பேருலதான். கண்ணாடி போடாம..."

"தப்புதான்வே! பின்னே, தப்பில்லியா? இத்தன காலம் இத எங்க கிட்ட மறைச்சு வச்சிருந்தீரே!"

"எத அண்ணாச்சி?"

"நீரு இப்படி பஸ் ஓட்டுவீர்னு ஒரு வார்த்த சொன்னீரா?" லிங்கராஜ் செல்போனை ஆட்டினார். "ஊர்வலத்துல நடக்க விடல்ல, ஒரே போனு. 'நெத்தியில அம்மன் பேரு, மாலை, மலை மேல மஞ்சு, கண்ணு நெறஞ்சு போச்சு'ங்கா மஸ்கட்டுலேருந்து ஒருத்தி. அம்மன் மலையேறுகத இந்த சென்மத்துல காணக் குடுத்து வச்சுதேன்னு பெங்களூர்க்காரன் அழுகான். போன வருஷம் ஸ்டூடியோக்காரன் போட்ட லைவ்வ பாதியிலேயே மூடிட்டுப் போன ஆளுக, இந்த வருஷம் ஒருத்தன் எந்திரிக்கல்லியாம்."

"அது வந்து... அந்தப் பஸ்ஸு என்னதுன்னா..."

"பஸ் யாருக்குள்ளது, படம் எப்ப பிடிச்சது, அதொண்ணும் நான் கேக்கல்ல. ஓட்டினது நீருதானே?"

பகவதிப்பெருமாள் மனைவியைப் பார்த்தார். கௌசல்யா வாயைத் திறந்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டு, காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி அவசரமாக அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து புடவைத் தலைப்பால் அடைத்த ஒரு சத்தம் வந்தது.

"ஓட்டினது நான்தான்" என்றார் பகவதிப்பெருமாள். அது பொய்யில்லையே.

"அது போரும். நாளைக்கு மறுகொடை. பூஜை முடிஞ்ச கையோட அம்மன் படத்த முன்னால வச்சு, ஒரு பஸ் நெறைய ஆளுகளக் கூட்டிட்டு நெசமாவே பொன்முடிக்குப் போறோம். கமிட்டி தீர்மானிச்சாச்சு. லைவும் உண்டு." லிங்கராஜ் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "யம்மா கௌசல்யா, கேட்டியா? இவருக்க இந்த ரூமு இனி கோவில் காரியத்துக்குள்ளது. சாமான்ல ஒண்ணையும் அசைக்கப்படாது. உனக்க டியூஷனுக்கு கோவில் ஹால எடுத்துக்க, ஃபேனெல்லாம் உண்டு."

கௌசல்யா காப்பியோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அப்போ ரூமு உங்களுக்குத்தான்" என்றாள் கணவரிடம், தோற்ற வருத்தம் கொஞ்சமும் இல்லாமல்.

பகவதிப்பெருமாளின் கையிலிருந்த வயர் தானாகத் தரையில் விழுந்தது. மார்பு பழைய அளவுக்கு விரிந்தது. "நான்தான் சொன்னேன்லா, பிரயோஜனம் உண்டுன்னு" என்றார். "நாளைக்கு லைவ்வ எனக்கு விட்டுருங்க அண்ணாச்சி. ரெண்டு காமிரா வச்சிருதேன்."

"காமிரா வேற யாராவது பிடிப்பான். டிரைவர் மட்டும் நீருதான், கேட்டீரா? வெளிநாட்டுல உள்ள அத்தன பேரும் அதுல ஒரே பிடியா நிக்கா. அந்தக் குரலு, அந்த நெதானம், அதே ஆளு வேணுமாம்."

கௌசல்யா காப்பி டம்ளரை அவசரமாகக் கீழே வைத்தாள். பகவதிப்பெருமாள் கண நேரம் யோசித்தார். இருபத்திரண்டு வளைவும் மனப்பாடம். எந்த இடத்தில் கியர், எந்த இடத்தில் ஹார்ன், எல்லாம் விரல்நுனியில். அப்புறம் என்ன?

"குழப்பமில்ல" என்றார்.

அப்போது வாசலில், பஸ் சாவியை விரலில் சுழற்றியபடி மைதீன் வந்து நின்றார். தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சொந்தமாக ஒரு டூரிஸ்ட் பஸ்ஸும் உண்டு. கோவில் கமிட்டி ஏற்பாடு செய்திருந்தது அதைத்தான்.

"வண்டி முக்குல நிக்குது. சாவிய யாருக்கிட்ட குடுக்கணும்ணே?"

"இவருக்கிட்ட குடும்" என்றார் லிங்கராஜ். "டிரைவர் இவருதான்."

பகவதிப்பெருமாள் கம்பீரமாகக் கையை நீட்டினார். மைதீன் அவரை ஒரு பார்வை பார்த்தார். சுழன்றுகொண்டிருந்த சாவியைச் சட்டென்று பிடித்துச் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"லிங்கராஜண்ணே, சாரு எனக்க ஸ்கூல்ல அஞ்சு வருஷமாட்டு கார் லைசென்ஸுக்குப் படிக்காரு; டெஸ்டு கிரவுண்டுல நட்டு வச்ச கம்பியில ஒண்ணாவது இவரு போன பொறவு நேரா நின்னு நான் கண்டதில்ல."